"பிரி" என்றார் பெரியப்பா

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி, விழுப்புரத்தையும் கடலூரையும் வெள்ளக்காடாக்கியது. அதற்கு இரண்டு நாள் கழித்து எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு தம்பி என் மேசைக்கு வந்து நின்றான்.

"அக்கா, நாங்க பத்துப் பேர் போறோம். இடிஞ்ச வீட்டையெல்லாம் கட்டிக் குடுக்கலாம்னு இருக்கோம். நீங்க கஜாவுக்குப் போனீங்களாமே, என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?"

"அரிவாள் எடுத்துட்டுப் போகாதே" என்றேன்.

அவன் சிரித்தான். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்று சாப்பாட்டு நேரத்தில் அவனிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் திருச்சியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள். அம்மாவுக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் என்பதால் சின்ன வயதில் லீவுக்கெல்லாம் அங்கேதான். கூரை வீட்டில் படுத்துத் தூங்கியிருக்கிறேன், ஆனால் கூரையை ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஒரு வீட்டுக்கு எத்தனை கீற்று வேண்டும் என்று 2018 நவம்பர் வரை யாராவது கேட்டிருந்தால் ஐம்பது என்று சொல்லியிருப்பேன்.

கஜா கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை, விடிவதற்கு முன்பு. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில். கடற்கரையோடு நின்றுவிடாமல் திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, புதுக்கோட்டை என்று உள்ளே புகுந்து, கேரளத்தையும் தாண்டி அரபிக் கடலுக்குப் போய்விட்டது. போன வழியெல்லாம் தென்னை. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், லட்சக்கணக்கானவர்கள் முகாம்களில் இருந்தார்கள். சென்னைக்கு ஒன்று என்றால் இரண்டு மணி நேரத்தில் ஊர் முழுக்கத் தெரியும். டெல்டாவுக்கு என்ன ஆனது என்று வெளியே தெரியவே மூன்று நான்கு நாள் ஆனது. செல்போன் கோபுரமும் இல்லை, கரண்டும் இல்லை. யார் போட்டோ எடுத்து யாருக்கு அனுப்புவது?

நாங்கள் முதல் நடை கிளம்பியது நவம்பர் 24, சனிக்கிழமை. அலுவலகத்திலும் அக்கம்பக்கத்திலும் சேர்ந்து பதினான்கு பேர், ஒரு வேன். முந்தின நாள்தான் திருக்கார்த்திகை. திருச்சியில் வாசலெல்லாம் அகல் எரிந்ததைப் பார்த்துவிட்டுக் கிளம்பியவர்கள், திருத்துறைப்பூண்டி தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டோம். சாலையின் இரண்டு பக்கமும் தென்னை ஒரே திசையில் படுத்துக் கிடந்தது. சிலது வேரோடு, சிலது பாதியில் முறுக்கி ஒடித்த மாதிரி. அங்கங்கே ரோட்டோரம் பழைய துணி மலை மாதிரி குவிந்து மழையில் ஊறிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ அன்போடு அனுப்பிய துணிகள்தான். கிழிந்த சுடிதார், பட்டன் இல்லாத சட்டை. யாரும் தொடவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்த ஊர் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில், 'புலம்' என்று முடியும் ஊர்களில் ஒன்று. பெயர் வேண்டாம். மெயின் ரோட்டில் இருந்தவர்களுக்கு பிரெட்டும் பிஸ்கட்டும் மெழுகுவத்தியும் தேவைக்கு மேல் வந்திருந்தன. உள்ளே இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்த தெருவுக்கு எட்டு நாளில் இரண்டு வண்டிதான் போயிருந்தது. உள்தெரு என்றால் யார் இருப்பார்கள் என்று டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வழியில் மரம் கிடந்ததும் ஒரு காரணம், மரம் மட்டுமே காரணமில்லை. அங்கேதான் போனோம்.

அங்கே போய் என்ன செய்தோம் என்பதுதான் அரிவாள் கதை.

தெரு முழுக்க மரமும் மட்டையும். நாற்பத்து மூன்று வீட்டில் நின்றது ஆறு. பெருமையாக இரண்டு மரம் அறுக்கும் மெஷினும், புதிதாக வாங்கிய எட்டு அரிவாளும் கொண்டுபோயிருந்தோம். ஒரு தென்னை மட்டை ஆளைவிட இரண்டு மடங்கு நீளம், இழுத்துக்கொண்டு போவது கஷ்டம். அதனால் ஒவ்வொரு மட்டையையும் மூன்று துண்டாக வெட்டி, டிராக்டரில் ஏற்றி, ஊருக்கு வெளியே ஒரு பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டினோம். மதியம் மூன்று மணிக்குள் பாதித் தெரு பளிச்சென்று ஆகிவிட்டது. எங்களுக்கே எங்களைப் பிடித்துப் போய்விட்டது. போட்டோவும் எடுத்துக்கொண்டோம்.

ஒரு பாட்டி சும்மாடு மாதிரி துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் குடிக்க நின்றபோது பக்கத்தில் வந்தார்.

"ஏன் ஆயி, இதையெல்லாம் எதுக்கு நறுக்குறீங்க?"

"தெரு சுத்தமாகணும்ல அப்பாயி."

"அது சரி. அதத்தான நாங்க தலைக்கு மேல போடணும்" என்றார். கோபமே இல்லை. வந்த விருந்தாளியிடம் எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கீற்று முடைய மட்டை முழுசாக வேண்டும். நடுவில் நீளவாக்கில் பிளந்து, சில நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, இலக்கை, அதாவது ஓலையின் இதழை, ஒன்று விட்டு ஒன்று மடித்துப் பின்னுவார்கள். மூன்று துண்டாக வெட்டிய மட்டை அடுப்பெரிக்கத்தான் ஆகும். அன்று அடுப்பெரிக்கக்கூட ஆகாது, ஈரம். நாங்கள் பள்ளத்தில் கொட்டியது எத்தனை வீட்டுக் கூரை என்று அப்புறம் நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். குறைந்தது நாலு வீடு. புயல் மிச்சம் வைத்திருந்த கூரையை நாங்கள் முடித்து வைத்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் வேன் ஏறினோம்.

இரண்டாவது நடை அரிவாள் இல்லாமல் போனோம். தார்பாய் கொண்டுபோனோம். அது உருப்படியான காரியம், அதில் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த நடையில்தான் பெரியப்பாவைப் பார்த்தது.

அவரை ஊரில் 'கீத்துக்காரர்' என்பார்கள். எழுபதை நெருங்கிய வயது, ஒடிசலான உடம்பு, முட்டிக்கு மேலே மடித்துக் கட்டிய கைலி. 77 புயலுக்கு அப்புறம்தான் இந்த வேலைக்கு வந்தாராம். 1977 நவம்பர் 12 நாகப்பட்டினத்தில் அடித்த புயலை அந்தப் பக்கம் யாரும் முழுசாகச் சொல்ல மாட்டார்கள், 'எழுவத்தேழு' என்றால் போதும். அதற்கும் மூத்தவர்கள் 1952 புயலை 'அம்பத்ரெண்டு' என்பார்கள். அவருடைய அப்பா அம்பத்திரண்டுக்கு அப்புறம் வீடு வீடாகக் கூரை மேய்ந்தவர். குடும்பத்துக்கே புயல்தான் வேலை கொடுக்கிறது என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

நாங்கள் எல்லோரும் அவரைப் பெரியப்பா என்று கூப்பிட ஆரம்பித்தோம். அவர் எங்களை 'திருச்சிக்காரங்க' என்றார், பதினான்கு பேருக்கும் சேர்த்து ஒரே பெயர்.

எங்கள் குழுவில் ஒரு பெரிய வாக்குவாதம் ஓடிக்கொண்டிருந்தது. பணம் கொடுத்த நண்பர்கள் சிலர், "கீற்று ரெண்டு வருஷத்துல போயிடும், தகர ஷீட் போட்டுக் குடுங்க, காலத்துக்கும் நிக்கும்" என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பெரியப்பாவிடம் கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் எங்களைத் தெருக்கோடிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு புளியமரத்தைக் காட்டினார். அதன் கிளையில் ஒரு தகர ஷீட், முறத்தை மடித்த மாதிரி மடங்கிச் சொருகிக்கொண்டிருந்தது. யார் வீட்டுது என்றே தெரியாதாம். "கீத்து பறந்து வந்து மேல விழுந்தா சிராய்ப்பு. இது வந்து விழுந்தா?" என்றார். தகரம் போடக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. போடுவதானால் கீழே சட்டம் பலமாக வேண்டும், கொக்கி மாதிரி வளைந்த ஜே போல்ட் போட்டு ஒவ்வொரு ஷீட்டையும் முடுக்க வேண்டும், கால் ஆழமாக இறங்க வேண்டும். அந்தச் செலவுக்கு வழி இல்லாமல் வெறும் ஆணி அடித்து ஷீட் போடுவது அடுத்த புயலுக்குக் கத்தி தீட்டிக் கொடுக்கிற வேலை.

சூடு இன்னொரு விஷயம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் பக்கம் தற்காலிக வீடுகளைத் தார் அட்டையில் கட்டிக் கொடுத்தார்கள். கறுப்பு அட்டை, சித்திரை வெயில். அந்த வீட்டில் பகலில் யாரும் உள்ளே இருக்கவில்லை, வேப்ப மரத்தடியில்தான் இருந்தார்கள். கூரை யாருக்காக என்று கேட்காமல் போட்டால் இப்படித்தான் ஆகும். எங்களுக்கும் யாராவது அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

கடைசியில் கீற்றுதான் என்று முடிவானது. தகரத்துக்குப் பணம் கொடுத்த இரண்டு பேர் கோபித்துக்கொண்டு பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். சரி.

வீடு மேய்வது எப்படி என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். முதலில் கால். சவுக்குக் கம்பு, நுனியில் கவை உள்ளதாகப் பார்த்து, இரண்டு முழத்துக்குக் குறையாமல் மண்ணில் இறக்க வேண்டும். நாங்கள் ஒரு முழம் தோண்டிவிட்டு நிமிர்வோம், பெரியப்பா குழியைப் பார்த்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். மறுபடியும் குனிவோம். கால் மேல் சட்டம், சட்டத்திலிருந்து முகட்டுக்குக் கழி, கழி மேல் குறுக்காக மூங்கில் வரிச்சு. இது வரைக்கும் எலும்புக்கூடு. கீற்றை அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும், மேலிருந்து கீழே வந்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். கீற்றின் தண்டு மேலே, இலக்கு கீழே. ஒரு வரிசை கட்டி முடித்ததும் அதன் மேல் ஏறி மூடுகிற மாதிரி அடுத்த வரிசை. முகட்டில் வைக்கோலை அமுக்கி வைத்து அதற்கு மேல் கீற்றை மடித்துக் கவிழ்க்க வேண்டும். சின்ன வீட்டுக்கே முந்நூறு கீற்றுக்குக் குறையாது.

அப்புறம் கூரை நாலு பக்கமும் சரிய வேண்டும். இரண்டு பக்கம் மட்டும் சரித்துவிட்டு முன்னும் பின்னும் முக்கோணமாக விட்டால் வேலை சீக்கிரம் முடியும். நாங்கள் அதைத்தான் கேட்டோம். அவர் புயல் இரவைப் பற்றிச் சொன்னார். முதலில் வடக்கேயிருந்து அடித்ததாம். கொஞ்ச நேரம் மூச்சே இல்லை, புயல் போய்விட்டது என்று சிலர் வெளியே வந்துவிட்டார்கள். அப்புறம் தெற்கேயிருந்து அடித்தது. புயலின் கண் தலைக்கு மேல் போனால் அப்படித்தான் என்று பள்ளிக்கூடத்தில் நானும் படித்திருக்கிறேன். "எந்தப் பக்கத்துலேருந்து வந்தாலும் காத்து வழுக்கிக்கிட்டுப் போகணும். நீ செவுரு மாதிரி நிறுத்துனா அது மோதித்தான் பார்க்கும்" என்றார். படித்ததற்கும் தெரிந்து வைத்திருப்பதற்கும் இடையில் உள்ள தூரம் எனக்கு அன்றுதான் உறைத்தது.

டிசம்பர் நடுவில், மார்கழி பிறக்கும் நேரம், பெரியப்பா இரண்டு தெரு தள்ளி வேறு வீட்டில் இருந்தபோது நாங்களாகவே ஒரு வீட்டை மேய்ந்துவிடுவது என்று இறங்கினோம். அதற்குள் நாலு வீடு பார்த்தாயிற்று, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. நானும் இன்னும் மூன்று பேரும் மேலே. காலை ஏழு மணிக்குத் தொடங்கி சாயங்காலம் நாலரைக்குள் முடித்தோம். கீற்றில் நாற்பது மிச்சமும் பிடித்தோம். மிச்சம் பிடிப்பது எனக்குத் தொழில், அதில் ஒரு சந்தோஷம் உண்டு.

பெரியப்பா வந்தார். வெளியே நின்று கூரையைப் பார்க்கவே இல்லை. குனிந்து உள்ளே போய் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார். நானும் பின்னாலேயே போய் அண்ணாந்தேன். கூரையில் அங்கங்கே ஊசி குத்தின மாதிரி சாயங்கால வெளிச்சம். வரிசைக்கு வரிசை நாலு விரல் இடைவெளியில் ஏற வேண்டிய கீற்றை நாங்கள் அங்கங்கே ஒரு சாண் விட்டு ஏற்றியிருந்தோம். நாற்பது கீற்று மிச்சமானது அப்படித்தான்.

"பிரி" என்றார்.

வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெளியே வந்து திண்ணை மண்ணில் உட்கார்ந்து வெற்றிலைப் பையைப் பிரித்தார். அந்த வீட்டு அக்கா, "இருக்கட்டும் மாமா, புள்ளைங்க இவ்ளோ நேரம் கஷ்டப்பட்டுச்சுங்க, நான் மேல தார்பாய் போட்டுக்குறேன்" என்றார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. நாங்கள் சரியாகச் செய்யாத வேலையை எங்கள் மனசு நோகாமல் ஏற்றுக்கொள்ள வேண்டிய நிலைமை அவருக்கு. காசு கொடுத்து வைத்த ஆளாக இருந்தால் சண்டை போட்டுத் திருப்பிச் செய்ய வைத்திருப்பார். இனாமாக வந்தவனிடம் எப்படிச் சண்டை போடுவது?

பிரித்தோம். அடுத்த நாள் பெரியப்பா மேலே உட்கார, நாங்கள் கீழேயிருந்து கீற்று எடுத்துக் கொடுத்தோம். எங்களுக்குச் சரியான இடம் அதுதான் என்று அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கொத்தனார் வேலையில் சித்தாள் இருப்பாரே, அந்த இடம். கயிறு நறுக்கிக் கொடு, கழி தூக்கு, குழி தோண்டு, டீ வாங்கி வா.

கயிறு என்றதும் ஞாபகம் வருகிறது, நாங்கள் திருச்சியிலிருந்து மூட்டை மூட்டையாக நைலான் கயிறு கொண்டுபோயிருந்தோம். பெரியப்பா அதை மாடு கட்ட எடுத்துக்கொள்ளச் சொல்லி ஊருக்குப் பங்கு போட்டுவிட்டார். சவுக்கில் நைலான் வழுக்கும், தென்னங்கயிறுதான் கடிக்கும் என்பார். முடிச்சுப் போட அவர் என்னைப் பழக்கியது ஒரு தனிக் கூத்து. இரண்டு சுற்று, குறுக்கே ஒரு சுற்று, உள்ளே விட்டு இழு. நான் போட்ட கட்டை எல்லாம் விரலால் தட்டிப் பார்த்து, "இது ஆடும்", "இது ஆடும்" என்று சொல்லிக்கொண்டே போவார்.

கூலி விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் அந்தத் தம்பியிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன்.

மூன்றாவது நடையோ நான்காவது நடையோ, டீக்கடையில் ஒருவர் வந்து பக்கத்தில் நின்றார். நாற்பது வயது இருக்கும். தென்னந்தோப்பில் காய் பறிப்பு, தேங்காய் உரிப்பு வேலை பார்த்தவர். தோப்பே இல்லை, இனி ஐந்தாறு வருஷத்துக்கு அந்த வேலை இல்லை. "நீங்க நல்லாத்தான் செய்றீங்க, தப்பா நினைக்காதீங்க" என்று தொடங்கினார். "நீங்க சும்மா தோண்டுற குழிய நான் கூலிக்குத் தோண்டுவேன். நீங்க வந்துட்டா என்னை யாருங்க கூப்பிடுவா?"

அன்று இரவு நான் கணக்கு நோட்டை எடுத்தேன். ஒரு நடைக்கு வேன் வாடகையும் டீசலும் 12,000 ரூபாய். சாப்பாடு, தண்ணீர் 3,000. கையுறை, மருந்து, சில்லறை 1,500. ஆக 16,500. நாங்கள் பதினான்கு பேர், இரண்டு நாள், 28 ஆள் நாள் வேலை. அந்த ஊரில் அப்போது ஆண் கூலி 500 ரூபாய். 16,500 ரூபாய்க்கு 33 ஆள் நாள் வரும். அதுவும் குழி தோண்டத் தெரிந்த ஆள், முதல் நாள் மதியமே உள்ளங்கையில் கொப்புளம் போட்டுக்கொண்டு உட்காராத ஆள். 'இலவச உழைப்பு' என்று நாங்கள் பெருமைப்பட்டது கூலியைவிட விலை கூடிய உழைப்பு.

அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸப் குழுவில் போட்டேன். பலருக்குப் பிடிக்கவில்லை. "எல்லாத்தையும் காசுல பார்க்கக் கூடாது" என்றார் ஒருவர். நான் காசில்தான் பார்க்கிறவள், என்ன செய்வது.

நாலைந்து நாள் பேசி, கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். அதற்கு அப்புறம் நாலு பேர் மட்டும் பஸ்ஸில் போனோம். மீதிப் பேர் வேன் காசைக் கொடுத்தார்கள். பெரியப்பாவுக்கு நாளுக்கு 700, அவர் கூட்டி வரும் ஆட்களுக்கு 500, கீற்று முடையும் பெண்களுக்குக் கீற்றுக்கு இவ்வளவு என்று பேசி, சனிக்கிழமை சாயங்காலம் பட்டுவாடா. டீக்கடையில் கேட்டவர்தான் முதல் ஆள். முடைகிற வேலை ஒன்றில் மட்டும் ஊரில் ஆறேழு வீட்டுக்குத் தினமும் காசு வந்தது. கரண்ட் வரும் வரை போன் சார்ஜ் போட ஜெனரேட்டர்காரருக்கு இருபது ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்த ஊர், கைக்கு வந்த காசு எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கரண்ட் என்றதும் லைன்மேன்களைச் சொல்லாமல் விட முடியாது. கஜாவில் சாய்ந்த மின்கம்பம் ஒரு லட்சத்துக்கும் மேல். வேறு மாவட்டம், வேறு மாநிலம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்திருந்தார்கள். வயல் சேற்றில் இடுப்பளவு தண்ணீரில் ஒரு கம்பத்தைப் பத்துப் பன்னிரண்டு பேர் தோளில் தூக்கிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தேன். அவர்கள் ஒருவரும் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. தெரிந்த வேலைக்கு வந்தவர்கள்.

அப்படியானால் தன்னார்வலர்கள் எதற்கு என்று அந்தத் தம்பி கேட்டான். கொஞ்சம் முகம் வாடித்தான் கேட்டான்.

எங்களால் ஆன உருப்படியான வேலை மேசை வேலைதான். முழுசாகச் சேதமான குடிசைக்கு அரசு 10,000 ரூபாய், பாதிச் சேதத்துக்கு 4,100 என்று அறிவித்திருந்தது. விழுந்த தென்னைக்கு இழப்பீடு 600, வெட்டி அகற்ற 500, ஆக மரத்துக்கு 1,100. ஆனால் பெயர் லிஸ்டில் ஏற வேண்டுமே. ரேஷன் கார்டு தண்ணீரோடு போனவர்கள், பேங்க் பாஸ்புக் நனைந்து எழுத்து அழிந்தவர்கள், ஒரே குடிசையில் இரண்டு குடும்பம் இருந்து ஒரு பெயர் மட்டும் ஏறியவர்கள். முதல் கணக்கெடுப்பில் எங்கள் தெருவில் முழுசாக விழுந்த ஒன்பது வீட்டுக்குப் பாதிச் சேதம் என்று எழுதியிருந்தார்கள். சுவர் நிற்கிறதாம். மண் சுவர், கூரை போய் ஒன்பது நாள் மழையில் நின்ற சுவர்! வீடு வீடாகப் போட்டோ எடுத்து, மனு எழுதி, ஆளைக் கூட்டிக்கொண்டு போய் நின்றோம். ஏழு பேருக்குத் திருத்தினார்கள். நான் கூரை மேல் ஏறி நாற்பது கீற்று மிச்சம் பிடித்ததைவிட, மேசையில் உட்கார்ந்து ஏழு பேருக்கு ஆளுக்கு 5,900 ரூபாய் கூடுதலாக வாங்கிக் கொடுத்தது பெரிய வேலை. போட்டோவுக்கு நன்றாக இருக்காது, அவ்வளவுதான்.

எங்கள் கணக்கில் ஒரு வீடு முடிய 17,000 முதல் 19,000 வரை ஆனது. அரசு பத்தாயிரத்தோடு மீதியை நாங்கள் போட்டால் கணக்கு சரியாக இருக்கும் என்பது என் திட்டம். நடக்கவில்லை. பத்தாயிரம் வந்த அன்றே பாதிப் பேருக்கு அது கடனுக்குப் போய்விட்டது. மூன்று வாரம் வேலை இல்லாமல் சாப்பிட்ட கடன். திட்டம் போடும்போது அது எனக்குத் தோன்றவே இல்லை.

2019 பிப்ரவரி வரை பதினோரு வீடு. நாற்பத்து மூன்றில் பதினொன்று. மீதியைத் தொண்டு நிறுவனங்கள் கொஞ்சம், சொந்தக்காரர்கள் கொஞ்சம், பெரும்பாலும் அவரவரே கட்டிக்கொண்டார்கள். யார் வீட்டை முதலில் எடுப்பது என்று நாங்கள் முடிவு செய்யவில்லை, தெருவில் உட்கார்ந்து அவர்களே சொன்னார்கள். முதலில் தனியாக இருக்கும் பெண்கள், அடுத்து கைக்குழந்தை உள்ள வீடு. சண்டை வராமல் இல்லை. ஒரு சண்டையில் எனக்கும் திட்டு விழுந்தது.

அப்புறம் கீற்று தீர்ந்துபோனது. இதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. விழுந்த மரத்து மட்டை முதல் நாலு மாதம் மலிவாகக் கிடைத்தது. கூரையை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றும் காலம் வந்தபோது ஊரில் மரம் இல்லை, புதிதாக வைத்த கன்று இடுப்பு உயரம். வெளியூரிலிருந்து லாரியில் வந்த கீற்று, ஏழைக்கு எட்டாத விலை. அந்தத் தகர ஷீட் நண்பர் எனக்கு அப்போது போன் செய்து, "நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்றார். சொன்னது உண்மைதான். ஜே போல்ட்டோடு போட்டிருக்கலாமோ என்று இப்போதும் சில நாள் தோன்றும்.

போன பொங்கலுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருத்துறைப்பூண்டி போனபோது அந்த ஊருக்கும் ஒரு நடை போய் வந்தேன். பதினொன்றில் மூன்று, அரசுத் திட்டத்தில் கான்கிரீட் வீடாகிவிட்டன, ஆறில் தகரம், ஒன்று பூட்டிக் கிடக்கிறது, திருப்பூர் போய்விட்டார்களாம். ஒன்றே ஒன்று இன்னும் கீற்று. பெரியப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, குரலை வைத்து "திருச்சிக்காரங்களா?" என்றார்.

நாங்கள் பிரித்து மேய்ந்தோமே, அந்த வீட்டு அக்கா டீ போட்டுக் கொடுத்தார். அவர் வீடும் இப்போது தகரம்தான். பழைய கழியையும் வரிச்சையும் தூக்கிப் போடாமல் கொல்லையில் அவரைப் பந்தல் போட்டிருக்கிறார். பூவும் பிஞ்சுமாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றபோது பந்தல் ஒரு மூலையில் லேசாக ஆடியது. அக்கா அந்தக் காலைப் பிடித்து அசைத்துக் காட்டினார்.

"மத்த மூணும் மாமா கட்டுனது. இது மட்டும் நீ கட்டுனது போலருக்கு" என்று சிரித்துவிட்டு, உள்ளே போய் ஒரு முழம் கயிறு எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.